மாதாந்தரப் பத்திரக் கணக்கும் மனை வாங்குவோர் உரிமையும்: ஸ்ரீவைகுண்டம் வட்டாரம்

தமிழ்நாட்டில் வீடு, மனை விற்பனையின் மாதப் போக்கைக் காட்டும் முதன்மையான சான்று, சார்பதிவாளர் அலுவலகங்களில் பதிவாகும் கிரயப் பத்திரங்களின், அதாவது விலை பெற்றுக்கொண்டு சொத்துரிமையை மாற்றித் தரும் ஆவணங்களின், எண்ணிக்கையே ஆகும். வீட்டு விலையை நகரவாரியாகத் தொகுக்கும் தேசிய வீட்டுவசதி வங்கியின் ரெசிடெக்ஸ் குறியீடு நாடு முழுவதும் 50 நகரங்களை உள்ளடக்கினாலும், தமிழ்நாட்டில் அது சென்னை, கோவை அளவில் நின்றுவிடுவதால், தூத்துக்குடிக்கோ தாமிரபரணிக் கரையிலுள்ள ஸ்ரீவைகுண்டத்துக்கோ அத்தகைய விலைக் குறியீடு கிடையாது. போன மாதத்தைவிட இந்த மாதம் விற்பனை இரட்டிப்பு, அடுத்த மாதம் சென்டுக்கு இவ்வளவு கூடும் என்னும் தரகர் பேச்சு செல்லுபடியாவது இந்த இடைவெளியில்தான்.

மாதக் கணக்கின் ஏற்ற இறக்கத்தில் சந்தைக்கு இருக்கும் பங்கைவிடப் பஞ்சாங்கத்துக்கு இருக்கும் பங்கு பெரிது. ஆடியிலும் மார்கழியிலும் சொத்து வாங்குவதைப் பலர் தவிர்ப்பதால் அம்மாதங்களில் பதிவு சரிகிறது. ஆடிப்பெருக்கன்றும் ஆவணி, தை முகூர்த்த நாள்களிலும் கூட்டம் பெருகி, பதிவுத்துறையே கூடுதல் டோக்கன் வழங்க வேண்டியிருக்கிறது. ஆகவே ஆடியோடு ஆவணியை ஒப்பிட்டு ‘விற்பனை பாய்ச்சல்’ என்று சொல்வது பொய்யாகாது, ஆனால் அதற்குப் பொருளும் இல்லை. ஓர் ஆவணியை முந்தைய ஆண்டின் ஆவணியோடு ஒப்பிடுவதே முறை. தவிரவும், எழுதிக் கையெழுத்திட்ட பத்திரத்தைப் பதிவுக்குத் தாக்கல் செய்ய 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம் நான்கு மாத அவகாசம் தருவதால், பதிவான மாதமும் விலை பேசிய மாதமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. ஒரு சிறிய சார்பதிவகத்தில் ஒரே மனைப்பிரிவின் மனைகள் ஒரு வாரத்தில் பதிவானால், அந்த மாதத்தின் கணக்கே தலைகீழாகிவிடும்.

இக்கணக்கு விலையைப் பற்றிச் சொல்வது இன்னும் குறைவு. முத்திரைத் தீர்வை 7 விழுக்காடும் பதிவுக் கட்டணம் 2 விழுக்காடும் சொத்து மதிப்பின் மீது விதிக்கப்படுவதால், உண்மையில் கைமாறிய தொகைக்குப் பதிலாக, தீர்வை கணக்கிடுவதற்காக அரசு தெருவாரியாகவும் புல எண்வாரியாகவும் நிர்ணயித்துள்ள ‘வழிகாட்டி மதிப்பை’ மட்டும் பத்திரத்தில் காட்டும் வழக்கம் பரவலாக உள்ளது. இதை வாங்குவோர் ஒரு சிக்கனமாகக் கருதுகின்றனர்; உண்மையில் அவர்கள் தங்கள் உரிமையின் ஒரு பகுதியையே விட்டுக்கொடுக்கின்றனர். பின்னாளில் விற்பனை செல்லாதென்று ஆகி, கொடுத்த பணத்தைத் திரும்பக் கேட்கும் நிலை வந்தால், பத்திரத்தில் எழுதப்பட்ட தொகைக்குத்தான் சான்று இருக்கும்; கையில் கொடுத்த மீதிக்கு இராது. சொத்து விற்பனைக்காக 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாகப் பெறுவதை வருமான வரிச் சட்டம் தடைசெய்து, பெற்றவர் மீது அதே அளவு தொகையை அபராதமாக விதிக்கிறது என்பதையும் இங்கே கருத வேண்டும்.

தூத்துக்குடிக் கடற்கரையில் மனை விலைப் பேச்சைச் சூடேற்றுபவை பெரும்பாலும் அறிவிப்புகளே. 2024 பிப்ரவரியில் குலசேகரன்பட்டினம் ராக்கெட் ஏவுதளத்துக்கும் வின்ஃபாஸ்ட் மின்வாகன ஆலைக்கும் அடிக்கல் நாட்டப்பட்டன; 2025 ஜூலையில் விமான நிலையத்தின் புதிய முனையமும் ஆகஸ்டில் அந்த ஆலையும் திறக்கப்பட்டன. இத்தகைய திட்டங்கள் வேலைவாய்ப்பைத் தருவது உண்மை. அவற்றுக்கு அருகே நிலம் வாங்கியவர் அதை அரசு கையகப்படுத்துவதையும் காண நேரிடலாம் என்பதும் உண்மை. இழப்பீட்டைக் கணக்கிடும்போது வழிகாட்டி மதிப்பும் பதிவான பத்திர விலைகளும் அடிப்படையாவதால், குறைத்து எழுதியவர் அங்கேயும் இழக்கிறார்.

ஸ்ரீவைகுண்டம் வட்டாரத்தின் இடர்கள் அதன் மண்ணிலிருந்தே எழுகின்றன. தாமிரபரணியின் கடைசி அணைக்கட்டு இங்கு உள்ளது. அதன் வடகாலும் தென்காலும் நெல்லும் வாழையும் விளையும் நஞ்சைகளுக்கும் பல குளங்களுக்கும் நீர் தருகின்றன. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டியபோது, திருச்செந்தூரிலிருந்து சென்னை புறப்பட்ட ரயில் ஸ்ரீவைகுண்டம் நிலையத்திலேயே வெள்ளத்தில் சிக்கி நின்றதை நாடே அறிந்தது. வாங்குபவர் சாதாரணக் கவனத்தால் கண்டறிய முடியாத குறைகளை விற்பவர் வெளிப்படுத்தியாக வேண்டும் என்று 1882-ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 55-ஆம் பிரிவு கூறுகிறது. ஊரே அறிந்த வெள்ளத்தை அத்தகைய மறைகுறை என்று வாதிடுவது கடினம் என்பதால், அந்த மனையில் தண்ணீர் எவ்வளவு உயரம் நின்றது என்று அக்கம்பக்கத்தாரிடம் விசாரிக்கும் பொறுப்பு வாங்குபவரையே சாரும்.

சட்டத் தடைகளும் இவ்வட்டாரத்தில் குறைவில்லை. அருகிலுள்ள ஆதிச்சநல்லூர் இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பதால், அதன் எல்லையிலிருந்து 100 மீட்டருக்குள் புதிய கட்டடம் கூடாது. அதற்கடுத்த 200 மீட்டருக்குள் முன் அனுமதி வேண்டும். புன்னைக்காயல், காயல்பட்டினம் பக்கம் சென்றால், 2019-ஆம் ஆண்டின் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரையிலான நிலத்தைக் கட்டுப்படுத்துகிறது. அதிலும் ஊரகப் பகுதிகளில், மக்கள் நெருக்கத்தைப் பொறுத்து, முதல் 50 அல்லது 200 மீட்டர் கட்டுமானத்துக்கு ஆகாத நிலமாக விடப்படுகிறது. கோயில் நிலமும் அரசு நிலமும் பதிவுச் சட்டத்தின் 22-அ பிரிவின்கீழ் தனியாருக்குப் பதிவாகக் கூடாதவை. அனுமதியற்ற மனைப்பிரிவின் மனையும் அப்படியே. 2016 அக்டோபர் 20-க்கு முன்பே வீட்டுமனையாகப் பதிவானவற்றுக்கு மட்டும் விலக்கு உண்டு. இத்தடையைச் சுற்றிச் செல்லவே சில விற்பனையாளர்கள் மனையைப் ‘பண்ணை நிலம்’ என்று சென்ட் கணக்கில் எழுதித் தருகின்றனர். அதில் வீடு கட்டத் திட்ட அனுமதி கேட்கும்போதுதான் உண்மை வெளிப்படும்.

பதிவாகிவிட்டதே என்னும் நிம்மதி போதாது. விற்பவர் தம் மூல ஆவணத்தைக் காட்டினால்தான் பதிவு என்று வற்புறுத்திய தமிழ்நாட்டுப் பதிவு விதி 55-அ(1) செல்லாது என்று 2025 ஏப்ரலில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், விற்பவரின் உரிமையை ஆராயும் அதிகாரம் பதிவு அலுவலருக்கு இல்லை என்பதைத் தெளிவுபடுத்தியது. எனவே முந்தைய பதிவுகளையும் அடமானங்களையும் காட்டும் வில்லங்கச் சான்று, பட்டா, நிலத்தின் வகைப்பாட்டைச் சொல்லும் அ-பதிவேடு, அளவுகளைக் காட்டும் புலப்படம் ஆகியவற்றை மூலப் பத்திரங்களோடு ஒப்பிட்டு ஒரு வழக்கறிஞரிடம் காட்டுவது அவசியம். அ-பதிவேட்டில் குளம், வாய்க்கால் என்று குறிக்கப்பட்டிருந்தால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்வது நல்லது. பதிவு செய்யப்படாத பொது அதிகாரப் பத்திரமும் பதிவு செய்யப்படாத அடமானமும் குடும்ப வழக்குகளும் வில்லங்கச் சான்றில் எப்போதும் தெரிவதில்லை.

500 சதுர மீட்டருக்கு, அதாவது ஏறத்தாழ 12 சென்ட்டுக்கு, மேற்பட்ட மனைப்பிரிவையோ எட்டுக்கு மேற்பட்ட வீடுகள் கொண்ட அடுக்ககத்தையோ விற்பவர், 2016-ஆம் ஆண்டு மனை விற்பனை ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ் தமிழ்நாடு ஆணையத்தில், வழக்குச் சொல்லில் ‘ரெரா’வில், திட்டத்தைப் பதிவு செய்த பின்னரே விளம்பரமே செய்யலாம். எழுதிப் பதிவு செய்த விற்பனை ஒப்பந்தம் இல்லாமல் விலையில் 10 விழுக்காட்டுக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது. வாங்குவோரிடம் பெறும் தொகையில் 70 விழுக்காடு தனி வங்கிக் கணக்கில் அத்திட்டத்துக்காகவே இருக்க வேண்டும். உரிய காலத்தில் ஒப்படைக்காவிட்டால், வட்டியோடு முழுத் தொகையையும் திரும்பப் பெறவோ, ஒப்படைக்கும் வரை மாத வட்டி கேட்கவோ வாங்குபவருக்கு உரிமை உண்டு. கட்டடத்தின் கட்டமைப்புக் குறையை ஐந்தாண்டுகள் வரை விற்பவரே தம் செலவில் சரிசெய்ய வேண்டும். விளம்பரத் தாள், வாக்குறுதி எழுதிய வாட்ஸ்அப் செய்தி, வங்கிப் பரிமாற்றச் சீட்டு ஆகியவையே இவ்வுரிமைகளுக்குச் சான்றாகும் என்பதால் அவற்றை அழிக்காமல் வைத்துக்கொள்ள வேண்டும்.

மீறல் நேர்ந்தால் ரெரா ஆணையத்தில் முறையிடலாம். ஆணையம் விதிக்கும் வட்டியும் இழப்பீடும் நிலவருவாய்ப் பாக்கி போல வசூலிக்கத்தக்கவை. வாங்கிய விலை 50 லட்சம் ரூபாய் வரை இருந்தால், குறை எழுந்த இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தையும் நாடலாம். போலி ஆவணம், ஆள்மாறாட்டம் போன்றவற்றில் காவல்துறையின் மாவட்டக் குற்றப்பிரிவில் புகார் அளிப்பதோடு, பத்திரத்தை ரத்து செய்யவும் உரிமையை நிலைநாட்டவும் உரிமையியல் நீதிமன்றத்துக்குச் செல்ல வேண்டியிருக்கும். அதற்கான செலவை எண்ணித் தயங்க வேண்டாம்: பெண்களும் பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் வருமான வரம்பின்றியும், மற்றவர்களில் வருமானம் குறைந்தோரும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவிடம் இலவச வழக்கறிஞரைப் பெறலாம், அதற்கான கட்டணமில்லாத் தொலைபேசி எண் 15100.