கூண்டில் ஏறிய சூதாட்டப் பொறி

சூதினால் ஒருவன் கெட்டான் என்று கேள்வியுற்றால் நாம் முதலிற் பழிப்பது அவனைத்தான். வள்ளுவர் சூதுக்கென ஓர் அதிகாரத்தையே வகுத்தார். அதிலுள்ள அறிவுரை முழுவதும் ஆடுபவனை நோக்கியது. கவறு செய்து கொடுத்தவனைப்பற்றி அங்கே பேச்சில்லை. அக்காலத்துக் கவறு செய்தவன் எலும்பையோ தந்தத்தையோ சீவி நான்கு புள்ளி இட்டிருப்பான். அவனைப்பற்றிப் பேச என்ன இருக்கிறது?

இன்றைய சூதுக் கருவியை ஆக்குவோர் கணித வல்லுநரும் பொறியியலாளரும் ஆவர். ஆகவே, "ஆடியவனை மட்டும் விசாரித்தாற் போதுமா? ஆட்டுவிக்கும் பொறியையும் விசாரிக்க வேண்டாமா?" என்ற கேள்வி, கடந்த முப்பது ஆண்டுகளில் ஐக்கிய அமெரிக்கா, கனடா, அவுஸ்திரேலியா ஆகிய நாடுகளின் நீதிமன்றங்களிற் பலமுறை எழுந்தது. அந்த வழக்குகளின் கதை நம்மவர் பலர் அறியாதது; மாணவர் அறிய வேண்டியது.

முதலிற் பொறியின் உள்ளே சற்று எட்டிப் பார்ப்போம். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில், சன் பிரான்சிஸ்கோ நகரில் சாள்ஸ் ஃபே என்ற இயந்திரத் தொழிலாளர் அமைத்த 'லிபேர்ட்டி பெல்' என்ற பொறியில் மூன்று உருளைகள் இருந்தன. நாணயத்தை இட்டுக் கைபிடியை இழுத்தால் அவை சுழன்று நிற்கும். உருளையொன்றிற் பத்துப் படங்கள் என்று வைத்துக்கொண்டால், மூன்று உருளைகளும் நாம் விரும்பிய ஒரே படத்தில் நிற்பதற்கு ஆயிரத்தில் ஒரு வாய்ப்பு உண்டு. நிகழ்தகவு கற்ற மாணவன் இதனை ஒரு நிமிடத்திற் கணித்துவிடுவான். கண் கண்ட காட்சியும் கணக்கும் அப்பொறியில் ஒன்றாகவே இருந்தன.

அந்த ஒற்றுமையைக் குலைத்தது 1984ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவில் தெல்னெஸ் என்பவருக்கு வழங்கப்பட்ட ஓர் ஆக்கவுரிமைப் பத்திரம். உருளை எங்கே நிற்பது என்பதை இனிச் சுழற்சி தீர்மானிப்பதில்லை. உள்ளேயிருக்கும் கணனி ஓர் எண்ணைத் தெரிந்தெடுத்து, அந்த எண்ணுக்குரிய இடத்தில் உருளையை நிறுத்திவிடும். கண்ணுக்குத் தெரியும் உருளையில் 22 நிலைகளே இருக்கலாம். கணனியினுள்ளே 64 எண்கள் இருக்கலாம். பெரும்பரிசுப் படத்துக்கு ஒரே ஓர் எண்ணையும், அதற்கு மேலும் கீழுமுள்ள வெற்றிடங்களுக்குப் பல எண்களையும் ஒதுக்கிவிட்டால் நடப்பது யாது? பரிசுப் படம் கோட்டுக்கு ஒரு விரற்கடை மேலோ கீழோ வந்து அடிக்கடி நிற்கும். "அடடா, மயிரிழையில் தவறிவிட்டதே!" என்று ஆடுபவன் அடுத்த நாணயத்தை இடுவான். அது மயிரிழையன்று, காத தூரம். சகுனியின் கவறுகூடச் சபையோர் கண்முன் உருண்டது. இங்கே உருளுவது வெறும் காட்சி. பொத்தானை அழுத்திய கணத்திலேயே முடிவு முடிந்துவிட்டது.

இன்னொரு தந்திரமும் உண்டு. இக்காலப் பொறிகளில் ஒரே ஆட்டத்தில் இருபது கோடுகளில் பந்தயம் கட்டலாம். கோட்டுக்கு ஒரு சதமாக 20 சதம் கட்டியவனுக்கு ஒரு கோட்டில் 7 சதம் விழுகிறது. அவன் இழந்தது 13 சதம். ஆயினும் பொறி மணியடிக்கிறது, விளக்குகள் மின்னுகின்றன, இசை முழங்குகிறது. கனடாவின் வாட்டர்லூ சர்வகலாசாலை ஆய்வாளர்கள், ஆடுவோரின் தோலில் அரும்பும் வியர்வையை அளந்து 2010ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், இத்தகைய தோல்விகளுக்கும் உண்மையான வெற்றிகளுக்கும் உடல் ஏறக்குறைய ஒரே வகையிற் கிளர்ச்சியடைவதைக் கண்டனர். மனம் கணக்கறிந்தாலும் உடல் கணக்கறிவதில்லை போலும்! லாஸ் வேகஸ் நகரில் நெடுங்காலம் ஆய்வு நடத்திய மானிடவியலாளர் நட்டாஷா டௌ ஷூல், 2012ஆம் ஆண்டில் வெளிவந்த தமது நூலில் இன்னொன்றையும் கூறுகிறார். பொறிக்கு அடிமையானோர் பலர் வெற்றியை நாடி ஆடுவதில்லை. உலகத்தை மறந்து ஆட்டம் தொடர்ந்துகொண்டே இருப்பதுதான் அவர்களுக்கு வேண்டும் என்பது அவர் கண்டது.

இவ்வாறு பொறி ஒன்று. அதனாற் கெட்டோர் பல்லாயிரவர். ஒவ்வொருவரும் தனித்தனியே அப்புக்காத்தர் வைத்து வழக்காடுவதென்றால் நடவாத காரியம். பெருங்கூட்டத்தினருக்குப் பொதுவாக நேர்ந்த தீங்குக்கு ஒருவரோ இருவரோ அனைவர் சார்பிலும் வழக்குத் தொடுக்கும் முறை இதற்கென்றே இருக்கிறது. இதனைக் கூட்டு வழக்கு என்போம். நமது குடியியல் நடவடிக்கை முறைக் கோவையின் 16ஆம் பிரிவும், பொது நலன் உடைய பலரின் சார்பில் நீதிமன்றத்தின் அனுமதியோடு சிலர் வழக்காட இடந்தருகிறது. அமெரிக்காவிலும் கனடாவிலும் இம்முறை மிக விரிந்து வளர்ந்துள்ளது.

அமெரிக்க வழக்கு 1994ஆம் ஆண்டிற் புளோரிடாவில் தொடங்கி நெவாடாவுக்கு மாற்றப்பட்டது. காசினோக்களும் பொறி செய்வோருமாக ஏறக்குறைய எழுபது எதிராளிகள். மின்னியக்கச் சீட்டாட்டப் பொறிகளும் உருளைப் பொறிகளும் உண்மையான சீட்டுக்கட்டுப் போலவும் பழைய உருளை போலவும் தோற்றம் காட்டி மக்களை ஏமாற்றுகின்றன என்பது முறைப்பாடு. பத்து ஆண்டுகள் இழுபட்டபின், 2004ஆம் ஆண்டில் மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பொறி ஏமாற்றியதா இல்லையா என்ற வினாவுக்கு அது விடை கூறவில்லை. இவ்வழக்கைக் கூட்டாக நடத்த முடியாது என்றே கூறிற்று. பொழுதுபோக்குக்காக ஆடியவனும் உண்டு. வாய்ப்புக் குறைவென்று நன்கறிந்தே ஆடியவனும் உண்டு. அடிமைப்பட்டு ஆடியவனும் உண்டு. பொறியின் தோற்றத்தை நம்பித்தான் பணத்தை இழந்தேன் என்பதை ஒவ்வொருவனும் தனித்தனியே மெய்ப்பிக்கவேண்டும் என்பது நீதிபதிகளின் கருத்து.

இந்தத் தீர்ப்பில் ஒரு முரண் இருப்பதை வாசகர்கள் கவனிக்கலாம். ஆயிரம் பேரின் ஆயிரம் இயல்புகளையும் ஒரே வழியில் இழுத்துச் செல்வதற்கென்றே பொறி அமைக்கப்படுகிறது. அதனிடம் முறையிடப் போகும்பொழுது மட்டும் அந்த ஆயிரம் பேரும் ஆயிரம் வேறு மனிதராகி விடுகின்றனர்.

கனடாவின் கியூபெக் மாகாணத்தில் வழக்கு வேறு வழியிற் சென்றது. அங்கே மதுச்சாலைகளிலிருந்த பொறிகளை நடத்தியது தனியார் நிறுவனமன்று. லோட்டோ கியூபெக் என்ற மாகாண அரசாங்கக் கூட்டுத்தாபனம். பொறிக்கு அடிமையாகிச் சீரழிந்த ஒரு வழக்கறிஞரே 2001ஆம் ஆண்டில் வழக்கைத் தொடுத்தார். மறு ஆண்டில் நீதிமன்றம் கூட்டு வழக்குக்கு அனுமதி வழங்கிற்று. ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டனர் என்று வழக்காளிகள் தரப்புக் கணக்கிட்டது. 2008ஆம் ஆண்டில் விசாரணை தொடங்கி, நோய்க்குக் காரணம் பொறியா, மனிதனின் இயல்பா என்று நிபுணர்கள் வாதிட்டனர். முடிவு வருமுன்னரே இணக்கம் ஏற்பட்டு, 2010ஆம் ஆண்டில் நீதிமன்றம் அதனை ஏற்றது. சூதாட்ட நோய்க்குச் சிகிச்சை பெற்றோரின் செலவைத் திருப்பிக் கொடுக்கக் கூட்டுத்தாபனம் உடன்பட்டது, குற்றத்தை ஒப்புக்கொள்ளவில்லை. வீட்டை இழந்தவனுக்கும் மனைவி மக்களைப் பிரிந்தவனுக்கும் மருத்துவச் செலவு மட்டும் கிடைத்தது. இருப்பினும் அது வெறுங்கையன்று.

எல்லாவற்றிலும் நாம் ஆழ்ந்து நோக்கவேண்டியது நியூபவுண்லாந்து வழக்கு. கனடாவின் கிழக்குக் கோடியிலுள்ள நான்கு மாகாணங்கள் சேர்ந்து நடத்தும் அத்திலாந்திக் லொத்தர்க் கூட்டுத்தாபனத்தை எதிர்த்து, 2012ஆம் ஆண்டில் இருவர், தம்மைப்போல் ஆடிய ஏறக்குறைய 30,000 பேரின் சார்பில் வழக்கிட்டனர். அவர்கள் கேட்டது நட்ட ஈடன்று. "நாங்கள் ஒவ்வொருவரும் எவ்வளவு இழந்தோம் என்று கணக்கிட வேண்டாம், தீய பொறியால் கூட்டுத்தாபனம் ஈட்டிய இலாபத்தைக் கக்கும்படி கட்டளையிடுங்கள்" என்பதே வேண்டுகோள். இதன் நுட்பம் விளங்குவது கடினமன்று. தனித்தனி இழப்பைக் கேட்டால் வழக்கு 30,000 துண்டுகளாக உடைந்துவிடும். இலாபமோ ஒரே குவியல்.

அவர்கள் கூறிய இன்னொரு காரணம் சுவையானது. திருவிழாக் காலத்தில் கோயில் வெளிவீதிக்கு அப்பால், மூன்று சீட்டுகளைக் குப்புற வைத்துக் கைமாற்றி, "ராணி எங்கே?" என்று கேட்கும் கைகாரனை நம்மிற் பலர் கண்டிருப்போம். கனடாவின் குற்றவியற் சட்டம் அந்த மூன்று சீட்டு ஆட்டத்தையும் அதனையொத்த ஆட்டங்களையும் பெயர் குறித்தே தடைசெய்கிறது. பொறி செய்வதும் அதே கண்கட்டு வித்தைதானே, ஆகவே அதுவும் சட்டத்துக்கு மாறானதே என்றனர் வழக்காளிகள்.

மாகாண நீதிமன்றங்கள் இரண்டும் வழக்கை மேலே செல்ல விட்டன. ஆனால் 2020ஆம் ஆண்டு யூலை 24ஆந் திகதி கனடாவின் உச்ச நீதிமன்றம் அதனைத் தொடக்க நிலையிலேயே தள்ளிவிட்டது. மூன்று சீட்டு என்பது கைத்திறத்தால் ஆடப்படும் ஒரு குறித்த ஆட்டம்; ஏமாற்றுத்தன்மை ஒன்றே ஒற்றுமையாகாது என்பதில் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனப்பட்டனர். ஆபத்தான பொறியை வைத்திருந்தமை மட்டும் ஒருவருக்கும் வழக்குரிமை தராது, அதனால் இன்னாருக்கு இன்ன தீங்கு விளைந்தது என்று காட்டவேண்டும், தீங்கைக் காட்டாமல் இலாபத்தை மட்டும் கேட்க வழியில்லை என்றும் அவர்கள் கூறினர். ஒப்பந்த மீறல் என்ற ஒரு வாதத்தில் மட்டும் நால்வர் மாறுபட்டு, அதனையாவது விசாரணைக்கு விடலாம் என்றனர். ஐவர் பக்கமே வென்றது.

தீங்கைத் தனித்தனியே காட்டினால் கூட்டம் கலைந்துவிடும் என்றது நெவாடா வழக்கு. கூட்டத்தைக் காக்கத் தீங்கைக் காட்டாமல் விட்டால் வழக்கே இல்லை என்றது நியூபவுண்லாந்து வழக்கு. இந்த இரு கதவுகளுக்கும் இடையே நின்றவர்கள் அத்தனை ஆயிரம் பேரும். நீதிபதிகளை நாம் குறை கூறவில்லை. உள்ள சட்டத்தைக் கொண்டே அவர்கள் தீர்ப்பளிக்க வேண்டியவர்கள். ஆனால் அந்தச் சட்டம் வண்டியோட்டி குடையடிப்பதையும் தச்சன் ஏணியை ஓட்டையாகச் செய்வதையும் மனத்திற்கொண்டு வளர்ந்தது. எண்ணாயிரம் பேரின் விரல்நுனியை ஒரே வேளையில் ஆட்டும் கருவியை அது கனவிலும் கண்டதில்லை.

அவுஸ்திரேலியாவில் ஒரு பெண்மணி பணமே கேளாமல் வழக்கிட்டார். பொறி மக்களை மயக்குகிறது என்று நீதிமன்றம் அறிவித்தாற் போதும் என்றார். 'டொல்பின் ட்ரெஷர்' என்ற அப்பொறியில் நான்கு உருளைகள் 30 படங்களையும் ஐந்தாவது உருளை மட்டும் 44 படங்களையும் கொண்டிருந்தன. திரையிற் பார்ப்பவனுக்கு ஐந்தும் ஒன்றுபோலவே தோன்றும். 2018ஆம் ஆண்டு பெப்ரவரி 2ஆந் திகதி அவ்வழக்கும் தள்ளுபடியாயிற்று.

அந்த வழக்கில் பேசப்பட்ட ஒரு கணக்கை மாணவர் போட்டுப் பார்க்கவேண்டும். விக்டோரியா மாநிலச் சட்டப்படி பொறி குறைந்தது 87 வீதத்தை ஆடுவோருக்குத் திருப்பிக் கொடுக்கவேண்டும். "நூறு டொலர் போட்டால் எண்பத்தேழு திரும்பும், பரவாயில்லையே" என்று தோன்றும். ஆனால் திரும்பியதை எடுத்துக்கொண்டு எவன் வீட்டுக்குப் போகிறான்? அதனையே மறுபடியும் இடுகிறான். சராசரியாக நோக்கினால், நூறு 87 ஆகி, 87 ஏறக்குறைய 76 ஆகி, ஐந்தாம் சுற்றில் 50 ஆகிவிடும். பத்தாம் சுற்றில் 25க்கும் குறைவே மிஞ்சும். ஒரு சுற்று என்பது நூறு டொலரையும் ஒருமுறை பந்தயமாகக் கட்டி முடிக்கும் நேரம். சில விநாடிக்கு ஓர் ஆட்டம் ஆடும் பொறியில் அதற்கு அதிக நேரம் வேண்டியதில்லை.

அப்படியானால் வழக்காளிகள் எங்குமே வெல்லவில்லையா? வென்ற இடமும் உண்டு. அதற்கு நாம் முந்நூறு ஆண்டுகள் பின்செல்லவேண்டும். ஆன் அரசியின் காலத்தில், 1710ஆம் ஆண்டின் சூதாட்டச் சட்டம் என்றொன்று இங்கிலாந்திற் பிறந்தது. ஒரே அமர்வில் 10 பவுணோ அதற்கு மேலோ சூதில் இழந்து செலுத்தியவன் மூன்று மாதத்துள் வழக்கிட்டு அதனைத் திரும்பப் பெறலாம். அவன் வழக்கிடாவிட்டால் வேறு எவரும் வழக்கிட்டு, இழப்போடு அதன் மும்மடங்கையும் வாங்கலாம். அதிற் பாதி ஊர் ஏழைகளுக்கு. ஏன் ஆடினாய், எதை நம்பி ஆடினாய் என்ற விசாரணை அங்கே இல்லை. இழந்தாய் என்பதே போதும். பிரபுக்களின் பிள்ளைகள் சீட்டில் நிலபுலத்தை இழந்துவந்த காலம் அது. நிலத்துக்கு ஆபத்து வந்ததும் சட்டம் எவ்வளவு விரைவாக இளகியது பாருங்கள்!

இங்கிலாந்தில் அச்சட்டம் 2007ஆம் ஆண்டுடன் நீங்கிற்று. ஆயினும் அதையொத்த சட்டங்கள் அமெரிக்க மாநிலங்கள் சிலவற்றில் உள்ளன. வாஷிங்டன் மாநிலம் அவற்றுள் ஒன்று. அங்கே வழக்குக்கு உள்ளான பொறி கைத்தொலைபேசிக்குள் இருந்தது. 'பிக் ஃபிஷ் காசினோ' என்ற செயலியில் முதற்காசு இலவசம். அது தீர்ந்தால் மெய்ப்பணம் கொடுத்து மேலும் பொய்க்காசு வாங்கவேண்டும். வென்ற காசைப் பணமாக மாற்றவும் முடியாது. பணமாக மாறாத காசு எப்படிச் சூதாகும் என்றனர் உரிமையாளர். ஆட்டத்தை நீட்டிக்கும் அக்காசு பெறுமதி உடையதே என்று 2018ஆம் ஆண்டில் மேன்முறையீட்டு நீதிமன்றம் கூறிற்று. ஷூல் கண்ட உண்மை இங்கே சட்டத்தின் வாயால் வெளிவந்தது எனலாம். மாநிலச் சட்டம் இழந்த பணத்தையே மீட்கத் தந்ததால், ஆடியவர்களின் மனத்தை ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்கும் வேலை நேரவில்லை; கூட்டம் கூட்டமாகவே நின்றது.

2021ஆம் ஆண்டில் நீதிமன்றம் ஏற்ற இணக்கத்தின்படி, பழைய உரிமையாளரும் புதிய உரிமையாளருமாக 15 கோடி 50 இலட்சம் டொலர் செலுத்தினர். பொறியிலும் மாற்றங்கள் செய்ய உடன்பட்டனர். ஆடுபவர் விரும்பினால் தம்மைத் தாமே விலக்கிக்கொள்ள வழி வைக்கவேண்டும். காசு தீர்ந்துபோனவர் புதிதாக வாங்காமலே தாம் ஆடிக்கொண்டிருந்த ஆட்டத்தைத் தொடரவும் இடமளிக்கவேண்டும்.