இயந்திரத்தைத் தாங்கும் அஸ்திவாரம்

மாவு அரவை இயந்திரம், எண்ணெய் ஆட்டும் இயந்திரம், பெரிய நீரேற்று இயந்திரம் முதலியன இன்று கிராமங்களில் சாதாரணமாகக் காணப்படுகின்றன. கூட்டுறவுச் சங்கமோ, மகளிர் குழுவோ, ஊராட்சியோ பெருந்தொகை செலவிட்டு இவற்றை வாங்குகின்றது. இயந்திரத்தின் விலையைப் பற்றிப் பல நாள் ஆலோசிப்பவர்களும், அது நிற்கும் அஸ்திவாரத்தைக் கொத்தனாரின் ஊகத்திற்கே விட்டுவிடுகின்றனர். சில மாதங்களில் போல்ட்டுகள் தளர்கின்றன, பேரிங்குகள் தேய்கின்றன, கட்டடச் சுவரில் விரிசல் காண்கின்றது. இயந்திரத்தைக் கழற்றிப் பழுது பார்க்கின்றனர். குறையோ தரைக்கடியில் இருக்கின்றது.

வீட்டின் அஸ்திவாரம் அசையாப் பாரத்தைத் தாங்குவது. சுழலும் இயந்திரத்தின் பாரமோ அத்தகையது அன்று. எந்தச் சக்கரமும் முற்றும் சமனாக அமைவதில்லை. நிமிஷத்திற்கு 1440 முறை சுழலும் ஒரு சக்கரத்தில், நடுவிலிருந்து 10 சென்டிமீட்டர் தூரத்தில் 100 கிராம் எடை மட்டும் ஒரு பக்கம் மிகுந்திருப்பதாகக் கொள்வோம். அச்சிறு எடை, சுமார் 23 கிலோ பாரத்திற்குச் சமமான விசையுடன் அஸ்திவாரத்தை இழுக்கும். அவ்விழுப்பு ஒரு விநாடிக்கு 24 முறை திசை சுற்றி வரும். வேகம் இரு மடங்கானால் விசை நான்கு மடங்காகும்.

இவ்விசையை அடக்குவதற்கு அஸ்திவாரத்திற்குப் போதிய எடை வேண்டும். சுழலும் இயந்திரத்திற்கு, மோட்டாரும் சேர்ந்த எடையைப் போல் மூன்று மடங்குக்குக் குறையாமலும், பிஸ்டன் உள்ள டீசல் எஞ்சினுக்கு ஐந்து மடங்கு அளவிலும் அஸ்திவாரம் அமைவது நலம். ஓர் உதாரணம் காண்போம். இயந்திரமும் மோட்டாரும் 600 கிலோ என்றால், அஸ்திவாரம் 1800 கிலோவாவது இருக்க வேண்டும். ஒரு கன மீட்டர் கான்கிரீட்டின் எடை ஏறத்தாழ 2400 கிலோ, ஆகவே 0.75 கன மீட்டர் தேவை. நீளம் 1.5 மீட்டர், அகலம் 1 மீட்டர், கனம் 60 சென்டிமீட்டர் என்று அமைத்தால் 0.9 கன மீட்டர் கிடைக்கும். எடை 2160 கிலோவாகும். மோட்டாரையும் இயந்திரத்தையும் ஒரே அஸ்திவாரத்தின் மேல் அமைக்க வேண்டும். இரண்டின் மொத்த எடையின் நடுவும் அஸ்திவாரத்தின் நடுவும் ஒரே தூக்கு நூலில் வருவது அவசியம்.

எடை மட்டும் போதாது. அடிமண் ஒரு வில்லைப் போல அமுங்கி மீளும் தன்மையுடையது. அதன் மேல் நிற்கும் அஸ்திவாரத்திற்குத் தனக்கென்று ஓர் அசைவு வேகம் உண்டு. இயந்திரத்தின் வேகம் அதனோடு ஒத்துவிட்டால், காலமறிந்து தள்ளும் ஊஞ்சலைப் போல அதிர்வு வளர்ந்துகொண்டே போகும். இரண்டிற்குமிடையே ஐந்தில் ஒரு பங்கு வேற்றுமையேனும் இருத்தல் வேண்டும். அடித்தளத்தை அகலமாக்கினால் அசைவு வேகம் கூடும். எடையை மட்டும் ஏற்றினால் குறையும். ஆதலால் அதிர்வு கண்டவுடன் மேலும் கான்கிரீட் கொட்டுவது எப்போதும் பரிகாரமாகாது. பெரிய இயந்திரங்களுக்கு மண்ணைப் பரிசோதித்து, இந்தியத் தர விதி 2974-ன்படி பொறியாளர் கணக்கிட்டுத் தருவதே முறை.

கொட்டி நிரப்பிய மண்ணின் மேல் அஸ்திவாரம் கூடாது. கரிசல் மண் மழையில் உப்பி, கோடையில் வெடிக்கும். அதை வேண்டிய ஆழம் அகற்றி, சரளை மண்ணை 15 சென்டிமீட்டர் அடுக்குகளாக இட்டு, நீர் தெளித்துத் திமிசுக் கட்டையால் இறுக்க வேண்டும். இயந்திர அஸ்திவாரம் சுவரின் கடைக்காலையோ தளத்தையோ தொடலாகாது. சுற்றிலும் 2 அல்லது 3 சென்டிமீட்டர் இடைவெளி விட்டுத் தார் அட்டை வைத்தால், அதிர்வு கட்டடத்திற்குப் பரவாது.

சிமெண்ட் 1, மணல் 1½, கருங்கல் ஜல்லி 3 என்ற விகிதம் ஏற்றது. நீரை அதிகம் சேர்த்தால் கான்கிரீட்டின் வலிமை குறையும். 12 மில்லிமீட்டர் கம்பிகளை 20 சென்டிமீட்டர் இடைவெளியில் எல்லாப் பக்கங்களிலும் குறுக்கும் நெடுக்குமாகக் கட்ட வேண்டும். கான்கிரீட்டை ஒரே மூச்சில் இட்டு முடிப்பது இன்றியமையாதது. இன்று பாதி, நாளை பாதி என்றால், இடையிலுள்ள ஒட்டு அதிர்வில் பிரிந்துவிடும்.

போல்ட்டு வரும் இடங்களை மரச்சட்டத்தில் அளந்து குறித்து, கான்கிரீட் இடும்போதே குழிகள் விட வேண்டும். பிறகு இயந்திரத்தை ஏற்றி, இரும்பு ஆப்புகளால் ரசமட்டம் பார்த்து நிறுத்தி, குழிகளையும் அடிப்பாகத்தையும் சுருங்காத சிமெண்ட் கலவையால் நிரப்புதல் வேண்டும். கலவை இறுகிய பின்னரே நட்டுகளை முழுவதும் முறுக்கலாம். 14 நாட்கள் ஈரச் சாக்கு மூடி நனைத்து வர வேண்டும். 28 நாட்கள் கழியுமுன் இயந்திரத்தை முழு வேகத்தில் ஓட்டலாகாது. திறப்பு விழாவிற்கு நாள் குறித்துவிட்டார்கள் என்பதற்காகக் கான்கிரீட் விரைவில் இறுகிவிடாது.

அஸ்திவாரம் மண்ணுக்குள் மறைந்த பின் அதைத் திருத்துவது கடினம். உடைத்து எடுப்பதற்கும் பணம் வேண்டும். எனவே கான்கிரீட் இடுவதற்கு முன்பே ஊராட்சி உறுப்பினர்கள் குழியருகே சென்று மண், அளவு, கம்பி, சுவரின் இடைவெளி ஆகிய நான்கையும் நேரில் பார்க்க வேண்டும். ஐயம் இருப்பின் ஒன்றியப் பொறியாளரை அழைத்துக் கேட்க வேண்டும். இயந்திரம் ஓடத் தொடங்கியதும் சுவரில் கை வைத்துப் பாருங்கள். அதிர்வு கைக்குத் தெரிந்தால் அன்றே நிறுத்திக் காரணம் காண வேண்டும். பொதுப் பணத்தில் வாங்கிய இயந்திரம் நெடுங்காலம் உழைப்பது அந்த ஒரு நாள் கவனத்தைப் பொறுத்தது.