புதுமைக் கட்டடக் கலையும் கதிரவனும்

பண்டைக் கட்டடங்களுக்குச் சுவரே உயிர்நிலை. கூரையின் பாரத்தையும் மேல்மாடிகளின் பாரத்தையும் சுவரே தாங்கி நின்றது. மாடியின்மேல் மாடி எழ எழ அடிச்சுவர் பருத்துக்கொண்டே வந்தது. அச்சுவரில் பெரிய சாளரங்களை அமைத்தால் அது வலியிழக்கும்; ஆகவே சாளரங்கள் சிறுத்தன; அறைகளில் இருள் குடிகொண்டது. வெயில் மிக்க நாடுகளில் அவ்விருளும் ஒருவகை நிழலே. ஆனால், ஆண்டில் பாதி நாள் ஞாயிறு மங்கித் தோன்றும் வட ஐரோப்பாவில் அது பெருந்துன்பமாயிற்று. 19ஆம் நூற்றாண்டில் தொழிற்சாலைகள் பெருகிய நகரங்களில், ஒளியும் காற்றும் புகாத சிற்றறைகளில் ஏழைக் குடும்பங்கள் நெருங்கி வாழ்ந்தன. காசநோய் அவ்வறைகளில் எளிதாகப் பரவிற்று. அந்நோய்க்கு அக்காலத்தில் தக்க மருந்து இல்லை. வெயிலும் தூய காற்றுமே துணை என மருத்துவர் கருதினர்.

இந்நிலையை மாற்ற வந்தவை இரும்பு, கண்ணாடி, கான்கிரீட் என்னும் மூன்று பொருள்கள். 1851ஆம் ஆண்டில் இலண்டனில் நிகழ்ந்த பெரும் பொருட்காட்சிக்காக, இரும்புச் சட்டங்களும் கண்ணாடிப் பலகைகளும் கொண்டு ‘பளிங்கு மாளிகை’ எழுப்பப்பட்டது. அதனைத் திட்டமிட்ட ஜோசப் பாக்ஸ்டன், செடிகளுக்குக் கண்ணாடி வீடு கட்டிப் பழகிய தோட்டக்கலைஞர். கான்கிரீட்டுக்குள் இரும்புக் கம்பியை வைத்து வார்க்கும் முறைக்கு 1867இல் பிரான்சில் காப்புரிமை பெற்ற ஜோசப் மோனியேயும் தோட்டக்காரரே. அவர் விரும்பியது உடையாத செடித்தொட்டி ஒன்றுதான்! கான்கிரீட் அழுத்தும் பாரத்தை நன்கு தாங்கும். இழுக்கும் விசைக்கு ஆற்றாது விரிசல் காணும். இரும்போ இழுவிசைக்கு ஈடுகொடுக்கும். இரண்டும் கூடிய விடத்து, மெல்லிய தூண்களும் நீண்ட உத்தரங்களும் எழுந்தன. பாரம் முழுவதும் தூண்களுக்குச் சென்றது. சுவர் விடுதலை பெற்றது. பாரம் சுமக்காத சுவரைக் கண்ணாடியால் அமைத்தால்தான் என்ன? புதுமைக் கட்டடக் கலை இவ்வினாவிலிருந்தே பிறந்தது எனலாம்.

செருமனியில் வால்ட்டர் குரோப்பியஸ் என்பவர் 1919இல் ‘பௌஹவுஸ்’ என்னும் கலைப் பள்ளியை நிறுவினார். 1926இல் டெசௌ நகரில் அப்பள்ளிக்கு எழுந்த கட்டடத்தில், தொழிற்கூடத்தின் புறச்சுவர் முழுவதும் கண்ணாடியாய் விளங்கிற்று. பூவேலைப்பாடும் சிற்ப அணியும் அதில் இல்லை. பயனுக்கு ஏற்ற வடிவமே அழகு என்பது அவர்தம் கொள்கை. 1933இல், நாஜிகளின் நெருக்குதலால் பள்ளி மூடப்பட்டது. ஆசிரியர் பலர் நாட்டைவிட்டு வெளியேற, அவர்களோடு அக்கொள்கையும் அமெரிக்கா முதலிய நாடுகளுக்குச் சென்றது. அதே 1933இல் பின்லாந்தில், ஆல்வார் ஆல்டோ திட்டமிட்ட பைமியோ காசநோய் மருத்துவமனை பணி தொடங்கிற்று. நோயாளர் வெயிலில் படுத்திருப்பதற்கென்றே அதில் நீண்ட மாடங்கள் அமைந்திருந்தன. புதிய கலை யாருக்காகப் பிறந்தது என்பதை இம்மருத்துவமனை போலத் தெளிவாகக் காட்டுவன சிலவே.

இக்கலையின் புகழை உலகெங்கும் பரப்பியவருள் தலையாயவர் லெ கொர்பூசியே. சுவிட்சர்லாந்தில் பிறந்து பிரான்சில் வாழ்ந்த அவர், தூண்கள்மேல் உயர்ந்த வீடு, மேல்தளத்தில் தோட்டம், தடையற்ற அறையமைப்பு, நீண்ட சாளரம், பாரம் தாங்காத முகப்பு என ஐந்து நெறிகளை வகுத்தார். 1931இல் பாரிசுக்கு அருகே நிறைவுற்ற சவோய் இல்லத்தில் ஐந்தும் பொருந்தி விளங்கின. உலகம் புகழ்ந்த அவ்வீட்டின் கூரை மழைநாளில் ஒழுகிற்று என்பதையும் மறைத்தற்கில்லை.

அதனினும் பெரிய பாடம் அவருக்குப் பாரிசிலேயே கிடைத்தது. வீடற்ற ஏழையர்க்காக ‘மீட்புப் படை’ என்னும் சமயத் தொண்டு நிறுவனம் கட்டுவித்த புகலிடத்தை அவர் திட்டமிட்டார். தென்திசை நோக்கிய முகப்பு முழுவதும் திறக்க இயலாத கண்ணாடிச் சுவர். 1933ஆம் ஆண்டின் குளிர்காலத்தில் அது திறக்கப்பட்டபோது உள்ளே இதமான வெப்பம் நிலவிற்று, யாவரும் மகிழ்ந்தனர். கோடை வந்தது. கண்ணாடி வழியே புகுந்த வெயில் உள்ளிருந்த பொருள்களைச் சூடாக்க, அவ்வெப்பம் வெளியேற வழியின்றித் தேங்கிற்று. குழந்தைகளும் தாய்மாரும் புழுங்கினர். காற்றுக்கு வழிவிடுமாறு அதிகாரிகள் வற்புறுத்தியும் லெ கொர்பூசியே எளிதில் இணங்கினாரல்லர். இறுதியில் திறக்கும் சாளரங்கள் அமைந்தன. இரண்டாம் உலகப் போருக்குப்பின், கண்ணாடிக்கு முன்னே கான்கிரீட்டாலான வெயில்தடுப்புகளும் அமைந்தன. பாரிசின் வெயிலே இத்தகையதாயின், இந்திய வெயில் எத்தகையதாகும்!

இந்தியாவில் அதற்கு முதலில் நல்ல விடை கண்ட கட்டடம் புதுச்சேரியில் உள்ளது. அரவிந்தர் ஆசிரமத்தினர் தங்குதற்காக 1937 முதல் கட்டப்பட்ட ‘கோல்கொண்டா’ இல்லமே அது. ஆன்ட்டனின் ரேமண்ட் என்பவர் அதனைத் திட்டமிட்டார். ஜார்ஜ் நகாஷிமா உடனிருந்து கட்டுவித்தார். வடக்கும் தெற்கும் நோக்கிய அதன் இருபுறமும் கண்ணாடியில்லை, சுவருமில்லை. கிடையாக அடுக்கிய சிமெண்ட்டுப் பலகைகளே உள்ளன. உள்ளே தங்குபவர் அப்பலகைகளைக் கையால் திருப்பலாம்: விரித்தால் கடற்காற்று அறையினூடே செல்லும், மூடினால் மழையும் வெயிலும் நில்லா. கூரையும் இரட்டைக் கூரை. மேலே வளைந்த கான்கிரீட் ஓடுகள், கீழே தளம், இடையே காற்று. சுவர் விடுதலை பெற்றதன் பயனை, வெயிலை அழைப்பதற்கன்றி விலக்குவதற்கு இக்கட்டடம் கொண்டது.

1947இல் நாடு பிரிவினையுற்றபோது, பஞ்சாபின் தலைநகராகிய இலாகூர் பாகிஸ்தானைச் சேர்ந்தது. இந்தியப் பஞ்சாபுக்கு ஒரு புதிய தலைநகர் வேண்டியிருந்தது. சண்டிகரைத் திட்டமிடும் பொறுப்பு 1951இல் லெ கொர்பூசியேயிடம் வந்தது. அவருடைய உறவினர் பியேர் ஜான்னரேயும், மாக்ஸ்வெல் ஃப்ரை, ஜேன் ட்ரூ என்னும் ஆங்கிலத் தம்பதியரும், இந்திய இளங்கலைஞர் பலரும் உடன் உழைத்தனர். ஊழியர்களின் வீடுகளைத் திட்டமிட்டவர் இவர்களே. கான்கிரீட் விலை மிகுந்தமையின் செங்கல்லையே பெரிதும் பயன்படுத்தினர். செங்கற்களை இடைவெளி விட்டு அடுக்கி, காற்றுக்கு வழியும் வெயிலுக்குத் தடையும் செய்தனர். கடைநிலை ஊழியரின் வீட்டிலும் இரண்டு அறைகளும் சமையலறையும் குழாய்நீரும் இருந்தன. பேரரங்குகளைப் போற்றுவார் இவ்வெளிய வீடுகளை மறந்துவிடுவது முறையன்று. ஜான்னரே 1965 வரை அந்நகரிலேயே வாழ்ந்தார். அவர் விரும்பியவாறே அவரது சாம்பல் அங்குள்ள சுக்னா ஏரியில் கரைக்கப்பட்டது.

லெ கொர்பூசியே தம் கையால் வடித்தவை உயர்நீதிமன்றம், தலைமைச் செயலகம், சட்டமன்றம் ஆகியன. ஏறத்தாழக் கால் கிலோமீட்டர் நீளமுள்ள செயலகம் முழுதும் வெயில்தடுப்புகள் நிறைந்தது. அவை பாரிசில் கற்ற பாடத்தின் பயன். எனினும் தடித்த கான்கிரீட் பகலெல்லாம் வெப்பத்தை உண்டு மாலையில் அறைகளுக்குள் உமிழ்ந்தது என்னும் குறை எழுந்தது. 1955இல் திறக்கப்பட்ட உயர்நீதிமன்றத்துக்குக் குடைபோல் ஒரு பெருங்கூரை உண்டு. அதன்கீழ்க் காற்று உலவும். அம்மன்றம் 2016இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுள் இடம்பெற்றது.

ஆயினும் தலைமை நீதிபதி அமரும் முதல் மன்றத்தின் வாயிலுக்கு முன் தாழ்வாரம் இல்லாதிருந்தது. வழக்கறிஞரும் வழக்காடுவோரும் வெயிலிலும் மழையிலும் நிற்க நேர்ந்தது. ஒரு தாழ்வாரம் கட்டுமாறு உயர்நீதிமன்றமே ஆணையிட, பாரம்பரியச் சின்னத்தின் தோற்றம் கெடும் என நிர்வாகத்தினர் தயங்கினர். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. மற்றை மன்றங்களின் முன் இருப்பதுபோன்ற தாழ்வாரமே ஆதலின் அதனைக் கட்டலாம் என 2025ஆம் ஆண்டு மே மாதத்தில் முடிவாயிற்று.