சின்னமலை நீரூற்றும் நம் நம்பிக்கையும்



சென்னை சைதாப்பேட்டையில், அடையாற்றின் அருகே அமைந்துள்ள சின்னமலைக்கு நம்மில் பலர் திருப்பயணமாகச் சென்றிருப்போம். அங்குள்ள குகையில் திருத்தூதர் புனித தோமா தங்கிச் செபித்தார் என்பது தலைமுறை தலைமுறையாக வரும் நம்பிக்கை. குகையின் அருகே பாறையில் ஒரு நீரூற்று உள்ளது. போதனை கேட்க வந்த மக்கள் தாகத்தால் வாடியபோது, திருத்தூதர் தம் கோலால் பாறையைத் தட்ட, தண்ணீர் சுரந்தது என நம் முன்னோர் சொல்லி வந்துள்ளனர். அந்த நீரைப் பருகியும், நோயாளிகளுக்காக வீட்டிற்கு எடுத்துச் சென்றும் நலம் வேண்டுவோரில் பிற சமயச் சகோதர சகோதரிகளும் உண்டு.

இதற்கு வரலாற்றுச் சான்று உண்டா என்று நம் பிள்ளைகள் கேட்கிறார்கள். நேர்மையாகவே பதில் சொல்வோம். 3-ஆம் நூற்றாண்டில் சிரியாக் மொழியில் எழுந்த 'தோமாவின் பணிகள்' என்னும் நூலில் இந்த ஊற்று இல்லை. திருத்தூதரின் கல்லறை மண்ணால் அரசன் மகன் குணமடைந்த செய்தியே உள்ளது. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்கோ போலோவும், திருத்தூதர் கொல்லப்பட்ட இடத்தின் மண்ணை மக்கள் நோயாளிகளுக்குப் பருகக் கொடுத்ததையே குறிப்பிடுகிறார். சின்னமலையில் போர்த்துக்கீசியர் ஆரோக்கிய அன்னைக்கு ஆலயம் எழுப்பியது 1551-இல். எனவே, ஊற்றின் கதை வாய்மொழி மரபு. அதை நம்பியே ஆக வேண்டும் என்று திருச்சபை நம்மைக் கட்டாயப்படுத்துவதில்லை.

அப்படியானால் ஒதுக்கிவிடலாமா? வேண்டாம். பாலைநிலத்தில் தாகமுற்ற மக்களுக்காக மோசே பாறையை அடித்ததை விடுதலைப் பயண நூல் (17:1-7) கூறுகிறது. சமாரியப் பெண்ணுக்கு இயேசு வாழ்வு தரும் தண்ணீரை வாக்களிக்கிறார் (யோவான் 4). நற்செய்தியைக் கொண்டு வந்தவர் தாகத்தையும் தீர்த்தார் என்று எளிய மக்கள் தங்கள் மண்ணின் மொழியில் சொன்ன மறையுரையே இக்கதை.

பிரான்சு நாட்டு லூர்து நகரிலும் 1858-இல் புனித பெர்னதெத் கண்ட ஊற்றை மக்கள் நாடுகின்றனர். அங்கும் இங்கும் குணமளிப்பவர் இறைவனே. தண்ணீர் அடையாளம் மட்டுமே. திருப்பயணமும் புனிதர் வணக்கமும் திருவழிபாட்டுக்குத் துணை நிற்பவை, அதற்கு மாற்று அல்ல என்று கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வியும் (எண் 1675) தெளிவாக்குகிறது. ஆகவே ஊற்று நீரைப் பருகும் நாம், திருப்பலியைத் தவிர்ப்பதோ, மருத்துவர் தந்த மருந்தை நிறுத்துவதோ விசுவாசம் ஆகாது.

2019-ஆம் ஆண்டு கோடையில் நம் நகரின் ஏரிகள் வறண்டு, குடங்களோடு தண்ணீர் லாரிக்காகக் காத்து நின்றோம். ஒரு குடம் நீரின் அருமை நமக்குத் தெரியும். தாகத்தோடு வந்தவர்களைத் திருத்தூதர் வெறுங்கையாய் அனுப்பவில்லை என்று நம்பும் நாம், நம் வாசலில் நிற்பவரை எப்படி அனுப்புகிறோம்?

சின்னமலையிலிருந்து ஒரு புட்டி நீரோடு இந்தக் கேள்வியையும் வீட்டிற்கு எடுத்துச் செல்வோம். புனித தோமாவே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்!