தாளும் வாக்கும்

நாஞ்சில் நாட்டு இராஜாக்கமங்கலம் முதலிய ஊர்களில் முற்காலத்தில் திருவிதாங்கூர் அரசின் சக்கரம் என்னும் வெள்ளிக்காசு வழங்கிற்று. அது மிகச் சிறிதாதலின், குழிகள் அமைந்த பலகையிற் பரப்பி எண்ணுவர். காசின் மதிப்பு அதன் வெள்ளியிலேயே இருந்தது. தாளுக்கு மதிப்பு எவ்வாறு வரும்? ‘கேட்டவுடன் பணம் தருவோம்’ என்னும் வாக்கினாலேயே வரும்.

1843இல் தோன்றிய சென்னை வங்கி, முன்னாள் ஆளுநர் தாமஸ் மன்றோவின் உருவத்தைத் தன் பணத்தாளிற் பொறித்தது. வங்காள வங்கியின் தாளிலோ, துறைமுகத்தருகே வாணிகம் ஒரு பெண்ணுருவாய் வீற்றிருந்தது.

அக்காலத்து அமெரிக்காவில், மாநிலங்களின் உரிமம் பெற்ற நூற்றுக்கணக்கான வங்கிகள் தனித்தனியே பணத்தாள் வெளியிட்டன. கப்பல், புகைவண்டி, உழவர், நீதித் தெய்வம் ஆகிய உருவங்கள் அவற்றை அணிசெய்தன. அழகு மக்கள் மனத்தைக் கவர்ந்தது. நுண்ணிய செதுக்குவேலை கள்ளத்தாள் செய்வோர்க்குத் தடையாயிற்று. ஆயினும், வங்கி முறிந்தபோது ஓவியம் சிறிதும் மங்கவில்லை. மதிப்பு மட்டும் மறைந்தது. வியர்வை சிந்தி ஈட்டிய கூலியைத் தாளாகப் பெற்ற ஏழை வெறுங்கையனானான்.

இந்தியாவில் 1861ஆம் ஆண்டுச் சட்டம் தாள் வெளியிடும் உரிமையை அரசுக்கே ஆக்கிற்று. அமெரிக்கப் பேரவை 1865இல் மாநில வங்கித் தாள்கள்மீது நூற்றுக்குப் பத்து வரி விதித்து, அவற்றை வழக்கொழியச் செய்தது.

தாளுக்கு ஓவியம் அணி. காக்கப்படும் வாக்கே உயிர்.