புயலுக்கு எல்லைக்கோடு உண்டா?

கடலூர் மஞ்சக்குப்பத்திற்குக் கிழக்கே, சில கிலோமீட்டர் தொலைவில் தேவனாம்பட்டினம் கடற்கரை அமைந்துள்ளது. வங்கக் கடலின் சீற்றத்தை இக்கரை பலமுறை கண்டுள்ளது. 1749ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில், இங்குள்ள புனித டேவிட் கோட்டைக்கு அருகில் 'நாமூர்' என்னும் ஆங்கிலேயப் போர்க்கப்பல் புயலில் சிக்கி மூழ்கியது. ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். 2011ஆம் ஆண்டு டிசம்பர் 30ஆம் நாள் காலையில், 'தானே' புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. மணிக்கு ஏறத்தாழ 120 முதல் 140 கிலோமீட்டர் வேகத்தில் வீசிய காற்றில், பண்ருட்டிப் பகுதியின் பலா மரங்களும் முந்திரித் தோப்புகளும் வேரோடு சாய்ந்தன. பல ஆண்டுகள் பேணி வளர்த்த மரங்களை உழவர்கள் ஒரே காலையில் இழந்தனர்.

இவ்வகைப் புயலை வானிலையாளர் 'வெப்பமண்டலப் புயல்' என்பர். வங்கக் கடலில் புயல் எனப்படுவதே அட்லாண்டிக் பெருங்கடலில் 'ஹரிகேன்' என்றும், மேற்குப் பசிபிக்கில் 'டைஃபூன்' என்றும் வழங்கப்படுகிறது. கடகரேகைக்கும் மகரரேகைக்கும் இடைப்பட்ட பகுதியே வெப்பமண்டலம். ஆகவே, அக்கோடுகளுக்கு அப்பால் வாழ்வோருக்கு இத்தகைய புயலால் இடர் இல்லை என்று எண்ணத் தோன்றும். அவ்வெண்ணம் சரியானதா?

விடை காண, புயலை இயக்கும் ஆற்றல் எங்கிருந்து வருகிறது என்பதை அறிதல் வேண்டும். கடல்நீரின் வெப்பம் 26 பாகை செல்சியசுக்கு மேல் இருக்கும்போது, நீர் மிகுதியாக ஆவியாகிறது. ஈரக்காற்று மேலெழுந்து குளிர்கிறது. நீராவி முகிலாக மாறுகிறது. அப்போது நீராவியில் மறைந்திருந்த உள்ளுறை வெப்பம் வெளிப்பட்டு, சுற்றியுள்ள காற்றைச் சூடாக்குகிறது. சூடான காற்று மேலும் விரைந்து உயர, கடல்மட்டத்தில் காற்றழுத்தம் குறைகிறது. அவ்விடத்தை நோக்கி நாற்புறமிருந்தும் பாய்ந்துவரும் காற்றைப் புவியின் சுழற்சி வளைத்துச் சுழலச் செய்கிறது. வலுப்பெற்ற புயலின் நடுவில் காற்று அடங்கிய 'கண்' தோன்றுகிறது. புயலின் மையம் அதன் சுற்றுப்புறத்தைவிட வெப்பமாக இருக்கும்.

மிதவெப்ப மண்டலத்தின் வழக்கமான புயல்கள் வேறு வகையின. துருவத்திலிருந்து வரும் குளிர்காற்றும் வெப்பமண்டலப் பக்கமிருந்து வரும் வெப்பக்காற்றும் எதிர்ப்படும்போது அவை உருவாகின்றன. அவற்றின் மையம் குளிர்ந்தது. பரப்பு மிகப் பெரியது. தெளிவான கண் அமைவதில்லை.

எனினும், இவ்விரு வகைகளுக்கும் இடையே மதிற்சுவர் ஏதும் இல்லை. கடலின் வெப்பம் சற்றுக் குறைவாக இருந்தாலும், மேலே உள்ள காற்று கடுங்குளிராக இருந்தால், இரண்டிற்கும் இடையிலான வேறுபாடு மிகுகிறது. அவ்வேறுபாடே ஈரக்காற்றை விரைந்து மேலெழச் செய்யப் போதுமானது. அந்நிலையில், குளிர்ந்த மையத்துடன் பிறந்த ஒரு காற்றழுத்தத் தாழ்வு, மெல்ல வெப்ப மையம் கொண்ட புயலாக உருமாறக்கூடும்.

2004ஆம் ஆண்டு மார்ச் திங்களில் தென் அட்லாண்டிக்கில் இதுவே நிகழ்ந்தது. மகரரேகைக்குத் தெற்கே, பிரேசில் நாட்டுக் கரையை ஒட்டி உருவான தாழ்வு ஒன்று, கண்ணுடன் கூடிய புயலாக மாறியது. மார்ச் 28ஆம் நாள் அது சாண்டா கட்டரினா மாநிலப் பகுதியில் கரையைக் கடந்தது. தென் அட்லாண்டிக்கில் ஹரிகேன் வலிமையுடன் பதிவான முதல் புயல் அதுவே. அங்கே புயலுக்குப் பெயர் சூட்டும் வழக்கமே அதுவரை இல்லை. மாநிலத்தின் பெயராலேயே அது 'கட்டரினா' எனப்பட்டது. அதனை ஹரிகேன் எனக் கூறலாமா என்பதிலும் வானிலை அறிஞரிடையே கருத்து வேறுபாடு எழுந்தது.

மத்தியதரைக் கடல் முழுவதும் கடகரேகைக்கு வடக்கே உள்ளது. அங்கும் இத்தகைய சிறு புயல்கள் அவ்வப்போது தோன்றுகின்றன. 'மத்தியதரைக் கடல்', 'ஹரிகேன்' ஆகிய இரு பெயர்களையும் இணைத்து அவற்றை 'மெடிகேன்' என அழைக்கின்றனர். 2020 செப்டம்பரில் 'இயானோஸ்' புயல் கிரேக்க நாட்டின் மேற்குத் தீவுகளைத் தாக்கியது. 2023 செப்டம்பரில், வெப்பமண்டலப் புயலின் இயல்புகளைப் பெற்ற 'டேனியல்' லிபியாவில் பெருமழையைக் கொட்டியது. டெர்னா நகரை ஒட்டிய இரண்டு அணைகள் இரவில் உடைந்தன. உறக்கத்திலிருந்த ஆயிரக்கணக்கானோரை வெள்ளம் கடலுக்குள் இழுத்துச் சென்றது. அங்கே பேரழிவை விளைவித்தது காற்றினும் நீரே.

நார்வேக்கு வடக்கிலுள்ள துருவக் கடல்களிலும் இதற்கு உறவான நிகழ்வு உண்டு. பனிப்பரப்பிலிருந்து வீசும் கடுங்குளிர் காற்று, உறையாத கடல்மீது பாயும்போது சிறிய, கடுமையான சுழற்புயல்கள் பிறக்கின்றன. செயற்கைக்கோள் படங்களில் அவற்றுள் சில, கண்ணுடன் கூடிய வெப்பமண்டலப் புயலைப் போலவே தோன்றுகின்றன. அவை ஓரிரு நாளில் அடங்கிவிடும்.

ஆகவே, வெப்பமண்டலத்திற்கு வெளியேயும் ஹரிகேன் போன்ற புயல்கள் உருவாக முடியும். அவை அரியவை, பெரும்பாலும் சிறியவை, குறுகிய வாழ்நாள் உடையவை. ஆனால், அரியது என்பதும் வராது என்பதும் ஒன்றல்ல. கடகரேகையும் மகரரேகையும் மனிதர் வரைந்த கோடுகள். காற்று அறிந்தது கடலின் வெப்பத்தையும் வானின் குளிரையுமே. கடலூர் மக்களுக்குப் புயல் பழகிய பகை; எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டால் அதன் பொருளை அவர்கள் அறிவர். புயலையே அறியாத கரைகளுக்கோ அப்பழக்கம் இல்லை. அங்கு வாழ்வோர்க்கு முதல் பாதுகாப்பு, 'இங்கும் வரக்கூடும்' என்னும் அறிவே ஆகும்.