எல்லையோரத்து ஊர்களும் நம் எண்ணிக்கையும்

பாறசாலைக்கும் களியக்காவிளைக்கும் நடுவே ஆறும் இல்லை, மலையும் இல்லை. ஒரே சாலை, இருபுறமும் அதே தென்னை, அதே மரச்சீனி. ஆயினும் முன்னது கேரளம், பின்னது தமிழ்நாடு.

பழைய திருவிதாங்கூரில் இவ்வூர்கள் யாவும் ஓர் அரசின் கீழ் இருந்தன. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கோரிய தாலுக்காக்களுள் நெய்யாற்றின்கரையும் ஒன்று. 1954 ஆகஸ்டு 11 அன்று தொடுவெட்டியிலும் புதுக்கடையிலும் நடந்த துப்பாக்கிச் சூட்டில் தமிழர் பலர் உயிர் நீத்தனர். 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கும், செங்கோட்டையில் ஒரு பகுதியும் அந்நாளைய சென்னை மாநிலத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றது. பெண் கொடுத்ததும் எடுத்ததும் எல்லைக்கு இருபுறமுமாயின.

எல்லை முடிந்துபோன செய்தி, எண்ணிக்கை அப்படியன்று. ஒரு தொடக்கப் பள்ளியில் 40 பிள்ளைகளோ ஒரு வகுப்பில் 10 பிள்ளைகளோ இருந்தால், தாய்மொழியில் கற்பிக்க ஆசிரியர் வேண்டும் என்று 1949-லேயே கல்வி அமைச்சர்கள் மாநாடு முடிவு செய்தது. 1956-இல் அரசியலமைப்பிலும் 350-ஏ பிரிவு சேர்ந்தது. நாமோ, கணக்கெடுப்பவர் வந்து தாய்மொழி கேட்டால், பிள்ளை பள்ளியில் படிக்கும் மொழியைச் சொல்லி அனுப்பிவிடுகிறோம். வீட்டுப் பேச்சில் இரண்டும் கலந்திருப்பதால் நமக்கே மயக்கம்! கணக்கெடுப்பு விதியில் மயக்கம் இல்லை. குழந்தைப் பருவத்தில் தாய் நம்மிடம் பேசிய மொழி எதுவோ அதுவே தாய்மொழி. பள்ளியைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை.